மனச்சோர்வு மாத்திரையும் மாரடைப்பும்: எழுபது ஆண்டு வழக்கு

மாரடைப்பிலிருந்து பிழைத்தவருக்கு மனச்சோர்வு வந்தால் அதற்கான மாத்திரையைக் கொடுக்கலாமா? கொடுத்தால் அடிபட்ட இதயம் அதைத் தாங்குமா? மனச்சோர்வுக்காக ஆண்டுக்கணக்கில் மாத்திரை எடுப்பவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு கூடுகிறதா, குறைகிறதா? இம்மருந்துகள் புழக்கத்துக்கு வந்த சில ஆண்டுகளிலேயே இந்தக் கேள்விகள் எழுந்துவிட்டன. அன்றிலிருந்து இன்றுவரை வந்த விடைகளை வரிசையாக அடுக்கினால் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றும்: கொல்லும், கொல்லாது, காக்கும், காக்காது, சில மட்டும் கொல்லும், அளவு மீறினால் கொல்லும்.

இந்த முரண்பாட்டில் ஒரு பகுதி மெய்யானது. பெரும்பகுதி, வெவ்வேறு கேள்விகளை ஒரே கேள்வியாகப் பாவித்ததால் வந்தது. எந்த மருந்து, என்ன அளவு, எப்படிப்பட்ட இதயம், எத்தனை நாள் என்று பிரித்துக் கேட்ட இடங்களில் விடை ஓரளவு தெளிவாகவே கிடைத்திருக்கிறது. பிரிக்காமல் கேட்ட இடங்களில் சச்சரவு இன்னும் ஓயவில்லை.

மருந்துக்கு முன்பே இருந்த மரணம்

மனச்சோர்வும் இதய மரணமும் சேர்ந்தே வருவதை மருந்துகள் வருவதற்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். நியூயார்க் மாநில மனநல மருத்துவமனைகளின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த பெஞ்சமின் மால்ஸ்பெர்க் 1937இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நடுவயதுக்குப் பின் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகி அங்கே தங்கியிருந்தவர்கள் பொதுமக்களைவிட மிக அதிகமாக இறந்தார்கள். அந்த இறப்புகளில் இதயநோய்க்குப் பெரும்பங்கு இருந்தது. அன்று மனச்சோர்வுக்கென்று ஒரு மாத்திரைகூடக் கிடையாது. பின்னாளில் மருந்தின்மேல் பழி சுமத்திய ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த 1937ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இதய மருத்துவர்கள் இதைப் பொருட்படுத்த இன்னும் அரை நூற்றாண்டு பிடித்தது. 1993இல் மான்ட்ரியல் நகரில் நான்சி ஃபிரேசர்-ஸ்மித், ஃபிரான்சுவா லெஸ்பெரான்ஸ் குழுவினர் மாரடைப்புக்காகச் சேர்க்கப்பட்ட 222 பேரை ஆறு மாதம் பின்தொடர்ந்தார்கள். மனச்சோர்வு இருந்தவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகமாக இருந்தது, இதயம் எவ்வளவு பழுதாகியிருந்தது என்பதைக் கணக்கில் கொண்ட பிறகும். ஆய்வு சிறியது, அடுத்து வந்த பெரிய ஆய்வுகளில் இந்த மடங்கு குறைந்தது. ஆனால் திசை மாறவில்லை. மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவு மனச்சோர்வு இருப்பதும் பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத்திரும்பத் தெரியவந்தது.

ஏன் இப்படி? ஒரு தரப்பார் உடலியங்கியலைக் காட்டுகிறார்கள். மனச்சோர்வில் இரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன, அழற்சி கூடுகிறது, தேவைக்கேற்ப ஏறி இறங்கவேண்டிய நாடித்துடிப்பு இறுகிப்போகிறது. இன்னொரு தரப்பார் அன்றாடப் பழக்கங்களைக் காட்டுகிறார்கள். சோர்ந்திருப்பவர் நடக்கமாட்டார், மாத்திரையை ஒழுங்காக எடுக்கமாட்டார், சிகரெட்டை விடமாட்டார். மேரி ஹூலி குழுவினர் கலிஃபோர்னியாவில் 1,017 இதயநோயாளிகளிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு இரண்டாம் தரப்புக்கு வலுச்சேர்த்தது: உடலுழைப்பின்மை போன்ற பழக்கங்களைக் கணக்கில் சேர்த்ததும் மனச்சோர்வுக்கும் இதய நிகழ்வுகளுக்கும் இடையிலான தொடர்பு பெரும்பாலும் மறைந்துவிட்டது. இது உண்மையானால் ஒரு சங்கடமான முடிவு வருகிறது. செரட்டோனினைச் சரிசெய்யும் மாத்திரை நோயாளியைத் தெருவில் நடக்கவைக்காதவரை அவர் இதயத்துக்கு அதனால் பெரிய லாபம் இருக்க முடியாது.

பாலாடைக்கட்டியும் ட்ரைசைக்ளிக்கும்

முதல் மருந்து தற்செயலாகக் கிடைத்தது. 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் கொடுத்தபோது அவர்கள் வழக்கத்துக்கு மாறான உற்சாகம் கொண்டார்கள். 1957இல் நேதன் கிளைன் அதை மனச்சோர்வுக்குப் பயன்படுத்திக் காட்டினார். அந்த மருந்துக் குடும்பத்தின் இதயச் சிக்கல் சாப்பாட்டு மேசையில் இருந்தது. முற்றிய பாலாடைக்கட்டியில் உள்ள டைரமின் என்ற பொருளை உடல் உடைக்க முடியாமல் போக, இரத்த அழுத்தம் திடீரென உச்சிக்கு ஏறியது. பாலாடைக்கட்டிக்கும் மருந்துக்குமான தொடர்பை 1963இல் லண்டனில் பாரி பிளாக்வெல் எடுத்துச் சொன்னார். இம்மருந்துகள் இன்று அரிதாகவே எழுதப்படுகின்றன; அவற்றை இத்துடன் விடலாம்.

ட்ரைசைக்ளிக் மருந்துகளை அப்படி விட முடியாது. சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் கூன் 1957இல் அறிமுகப்படுத்திய இமிப்ரமின், சில ஆண்டுகளில் வந்த அமிட்ரிப்டிலின், இந்தியாவில் இன்றும் மருந்துச்சீட்டுகளில் காணப்படும் டோத்தியபின் எல்லாம் இந்தக் குடும்பம். இவை இதயத் தசையணுக்களின் சோடியம் வாயில்களை அடைக்கின்றன. மின்தூண்டல் மெதுவாகப் பரவுகிறது; இசிஜியில் க்யூஆர்எஸ் அலை அகலமாகிறது. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் இரத்த அழுத்தம் விழுகிறது. அளவுக்கு மீறி விழுங்கினால் உயிரே போகும். 1985இல் வெளியான ஓர் ஆய்வில் க்யூஆர்எஸ் அகலம் 160 மில்லி நொடியைத் தொட்டவர்களுக்குத்தான் ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்தது. அதனால் அவசரப் பிரிவில் இந்த நஞ்சுக்கு முதலில் இசிஜி பார்க்கிறார்கள், சோடியம் பைகார்பனேட் ஏற்றுகிறார்கள். இந்தக் குடும்பத்தின் ஆபத்தைப் பற்றிச் சர்ச்சையே இல்லாத ஒரே இடம் இதுதான்.

சர்ச்சை வழக்கமான அளவைப் பற்றியது. 1970இல் ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகர மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அமிட்ரிப்டிலின் எடுத்த இதயநோயாளிகளிடையே திடீர் மரணம் கூடியிருப்பதாக எச்சரித்தார்கள். இரண்டே ஆண்டில் பாஸ்டனின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் தன் பதிவுகளில் அப்படியொரு கூடுதலைக் காணவில்லை என்று பதில் சொன்னது. ஒரே மருந்து, இரு நகரங்கள், எதிரெதிர் முடிவுகள். பின்னாளில் வந்த எல்லாச் சண்டைகளுக்கும் இது முன்னோட்டம்.

அடுத்து நடந்தது இந்தத் துறையின் வரலாற்றிலேயே கவனமாகப் படிக்கவேண்டிய அத்தியாயம். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கிளாஸ்மன், தாமஸ் பிகர் ஆகியோர் இமிப்ரமின் இதயத்தின் தப்புத்துடிப்புகளைக் குறைப்பதைக் கண்டார்கள். குயினிடின் என்ற பழைய துடிப்புச் சீராக்கி செய்யும் வேலையை இந்த மனநல மருந்தும் செய்தது. மாரடைப்புக்குப் பின் தப்புத்துடிப்பு அதிகம் இருப்பவர் சீக்கிரம் இறக்கிறார். தப்புத்துடிப்பை அடக்கினால் அவர் பிழைப்பார் என்பது அன்றைய மருத்துவத்தின் நம்பிக்கை. ஆகவே பத்தாண்டுக் காலம் ட்ரைசைக்ளிக்குகளின் பெயர் வெளுத்தது. அவை பாதுகாப்பானவை மட்டுமல்ல, இதயநோயாளிக்கு ஒருவேளை நல்லதும்கூட என்ற எண்ணம் பரவியது.

அந்த நம்பிக்கையை உடைத்தது மனநலத் துறைக்குத் தொடர்பில்லாத ஒரு சோதனை. காஸ்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்கச் சோதனையில், மாரடைப்பு வந்தவர்களின் தப்புத்துடிப்பை என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு என்ற இரு மருந்துகளால் அடக்கினார்கள். துடிப்பு அடங்கியது, நோயாளிகள் இறந்தார்கள். 1989இல் சோதனையின் அந்தப் பகுதியை நிறுத்தினார்கள். இறுதிக் கணக்கில் மருந்து எடுத்த 755 பேரில் 63 பேரும், மருந்துப்போலி எடுத்த 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். இதே வகையில் வேறொரு மருந்தும் அடுத்து ஏமாற்றியது. கிளாஸ்மனும் பிகரும் தங்கள் பழைய முடிவைத் தாங்களே திரும்பப் பார்த்தார்கள். ஸ்டீவன் ரூஸோடு சேர்ந்து 1993இல் எழுதிய கட்டுரையில், ட்ரைசைக்ளிக்குகளும் அதே வகை மின்விளைவு கொண்டவை, ஆகவே இரத்த ஓட்டம் குறைந்த இதயத்தில் அவற்றை அதே ஆபத்துள்ளவையாகவே கருதவேண்டும் என்றார்கள். தங்கள் பெயரில் நின்ற ஒரு கருத்தை ஆராய்ச்சியாளர்கள் இவ்வளவு வெளிப்படையாகக் கைவிடுவது அடிக்கடி நடப்பதில்லை.

இதிலும் ஒரு பலவீனம் உண்டு. மாரடைப்பு வந்தவர்களுக்கு ட்ரைசைக்ளிக்கைக் கொடுத்து இறப்பை எண்ணிய பெரிய சோதனை எதுவும் நடக்கவில்லை. வாதம் ஒப்புமையில் நிற்கிறது. டென்னசி மாநில மருத்துவ உதவிப் பதிவுகளை வைத்து வேய்ன் ரே குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு ஓரளவு இடைவெளியை நிரப்பியது: நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைவான அளவில் திடீர் இதய மரணம் கூடவில்லை, 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களிடம் இரண்டரை மடங்கு கூடியது. சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலுக்கு இரவில் 10 அல்லது 25 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் எழுதும் நம்மூர் வழக்கத்தை எடைபோடும்போது இந்த அளவு வேறுபாடு முக்கியம். சிறு அளவை நஞ்சாகப் பார்க்க ஆதாரம் இல்லை. அதேசமயம், அண்மையில் மாரடைப்பு வந்தவருக்குச் சிறு அளவும் பாதுகாப்பானது என்று நிறுவியவரும் இல்லை.

செரட்டோனின் தலைமுறை: காக்குமா?

1987 டிசம்பரில் அமெரிக்காவில் ஃபுளுவாக்சடின் அனுமதி பெற்றது. அதைத் தொடர்ந்து செர்ட்ராலின், பராக்சடின், சிடலோப்ராம், எஸ்சிடலோப்ராம் வந்தன. எஸ்எஸ்ஆர்ஐ என்று அழைக்கப்படும் இந்தக் குடும்பம் சோடியம் வாயிலைப் பெரிதும் தொடுவதில்லை. அத்துடன் ஒரு கவர்ச்சியான கருதுகோளையும் கூட்டிவந்தது. இரத்தத்தில் உள்ள செரட்டோனின் கிட்டத்தட்ட முழுவதும் தட்டணுக்களுக்குள் இருக்கிறது. நலமான இதயத் தமனி செரட்டோனின் பட்டால் விரிகிறது. கொழுப்புப் படிந்த தமனி சுருங்குகிறது. எஸ்எஸ்ஆர்ஐ எடுப்பவரின் தட்டணுக்களில் செரட்டோனின் வற்றிப்போவதால், இரத்தம் உறைவதும் தமனி சுருங்குவதும் குறையவேண்டும். 2001இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் சாவர், பெர்லின், கிம்மல் மூவரும் புகைபிடிப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வில் எஸ்எஸ்ஆர்ஐ எடுத்தவர்களுக்கு முதல் மாரடைப்பு குறைவாக வந்திருந்தது. மனச்சோர்வு மாத்திரை இன்னொரு ஆஸ்பிரினாக வேலை செய்யக்கூடும் என்ற நம்பிக்கை பிறந்தது.

சோதனைகள் தொடங்கின. கிளாஸ்மனின் தலைமையில் நடந்து 2002இல் வெளியான சாட்ஹார்ட் இன்றும் அடிப்படைச் சான்று. மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ வந்து, மனச்சோர்வும் இருந்த 369 பேருக்கு 24 வாரம் செர்ட்ராலின் அல்லது மருந்துப்போலி கொடுத்தார்கள். இதயத்தின் இறைக்கும் திறன், துடிப்பு, இரத்த அழுத்தம் எதிலும் வேறுபாடு இல்லை. கடுமையான இதய நிகழ்வுகள் செர்ட்ராலின் குழுவில் 14.5%, மருந்துப்போலிக் குழுவில் 22.4%. பார்வைக்குப் பெரிய இடைவெளிதான். புள்ளியியல்படி தற்செயலாகவும் வந்திருக்கலாம். இந்தச் சோதனை பாதுகாப்பைச் சோதிக்க வடிவமைக்கப்பட்டது, உயிர்காப்பைச் சோதிக்க அல்ல. இருந்தும் அந்த இரண்டு எண்களை நம்பிக்கையோடு மேற்கோள் காட்டுபவர்கள் இன்றும் குறையவில்லை.

மறுஆண்டு வந்த என்ரிச்ட் என்ற சோதனை 2,481 பேரைக் கொண்டது. அங்கே சோதிக்கப்பட்டது பேச்சுச் சிகிச்சை. மனச்சோர்வு ஓரளவு குறைந்தது. மரணமும் மறு மாரடைப்பும் குறையவில்லை. அதே பதிவுகளைப் பின்னர் அலசியபோது, சிகிச்சையின் போக்கில் எஸ்எஸ்ஆர்ஐ எடுக்க நேர்ந்தவர்களிடம் மரணமும் மறு மாரடைப்பும் சேர்ந்து ஏறத்தாழ 40% குறைந்திருந்தன. ஆனால் அவர்களுக்கு மருந்து குலுக்கல் முறையில் ஒதுக்கப்படவில்லை. மருத்துவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது அது. மருந்தை வாங்கி ஒழுங்காக எடுக்கும் நோயாளி பிற மருந்துகளையும் ஒழுங்காக எடுப்பவராக இருப்பார்.

உண்மையான நல்ல செய்தி கொரியாவின் குவாங்ஜு நகரிலிருந்து வந்தது. அங்கே 300 பேருக்கு 24 வாரம் எஸ்சிடலோப்ராம் அல்லது மருந்துப்போலி கொடுத்து, நடுமதிப்பில் 8.1 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 2018இல் வெளியான முடிவில் பெரிய இதய நிகழ்வுகள் மருந்துக் குழுவில் 40.9%, மற்றதில் 53.6%. மாரடைப்பு 8.7%, மற்றதில் 15.2%. மொத்த இறப்பில் தெளிவான வேறுபாடு இல்லை. ஒரே மருத்துவமனையின் முடிவு இது. மேலும் ஆறு மாதம் எடுத்த மாத்திரை எட்டாண்டு கழித்தும் காப்பதற்கு எந்த இயக்கமுறையைச் சொல்வது? தட்டணு விளக்கம் இங்கே உதவாது. மாத்திரை நின்ற சில வாரங்களில் தட்டணுக்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆரம்பத்திலேயே மனச்சோர்வு தெளிந்தவர் தம் உடலைப் பேணும் வழிக்குத் திரும்பினார் என்பது பொருந்தும் விளக்கம். ஹூலியின் பழக்கவழக்கக் கருத்துக்கே இது நம்மை மீண்டும் கொண்டுவிடுகிறது.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் கதையே வேறு. செர்ட்ராலினை 469 பேரிடம் சோதித்த 2010ஆம் ஆண்டு ஆய்விலும், ஜெர்மனியில் எஸ்சிடலோப்ராமை 372 பேரிடம் சோதித்து 2016இல் வெளியான ஆய்விலும் மாத்திரை உயிரையும் காக்கவில்லை, மனச்சோர்வையும் மருந்துப்போலியைவிடக் கூடுதலாகத் தணிக்கவில்லை. பலவீனமான இதயத்தின் களைப்பை நாம் மனச்சோர்வென்று தவறாக எண்ணுகிறோமா என்ற சந்தேகம் இங்கே நியாயமானது.

பதிவேடுகள் சொல்வதும் சொல்லாததும்

சோதனைகள் சிறியவை என்பதால் பலரும் பெரிய பதிவேடுகளை நாடினார்கள். அமெரிக்கச் செவிலியர் நல ஆய்வில் 63,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்து 2009இல் வெளியிட்டபோது, மனச்சோர்வு மருந்து எடுத்தவர்களிடம் திடீர் இதய மரணம் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. பிரிட்டனில் 20 முதல் 64 வயதுக்குட்பட்ட 2,38,963 மனச்சோர்வு நோயாளிகளைப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்விலோ எஸ்எஸ்ஆர்ஐகளால் மாரடைப்போ, பக்கவாதமோ, துடிப்புக் கோளாறோ கூடவில்லை. 2025இல் ஐரோப்பிய இதயத் துடிப்புக் கழக மாநாட்டில் வைக்கப்பட்ட டென்மார்க் ஆய்வு மீண்டும் அச்சத்தைக் கிளப்பியது: ஒன்று முதல் ஐந்து ஆண்டு மருந்து எடுத்தவர்களிடம் திடீர் இதய மரணம் 56% அதிகம், ஆறாண்டோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடம் 2.2 மடங்கு.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? பிரிட்டிஷ் ஆய்வு மனச்சோர்வு உள்ளவர்களை மட்டுமே தங்களுக்குள் ஒப்பிட்டது. செவிலியர் ஆய்வும் டென்மார்க் ஆய்வும் மருந்து எடுப்பவரை எடுக்காதவரோடு ஒப்பிட்டன. வயலில் பூச்சிமருந்து அதிகம் அடித்த பாத்தியில்தான் பூச்சியும் அதிகம் இருந்திருக்கும். ஆறாண்டு மருந்து எடுத்தவர் ஆறாண்டு நோயோடும் வாழ்ந்தவர்; அவருடைய நோய் ஓராண்டில் தெளிந்தவரின் நோயைவிடக் கடுமையானது. பதிவேட்டில் மாத்திரையின் பெயர் இருக்கும், துயரத்தின் அளவு இருக்காது. டென்மார்க் ஆய்வாளர்களே இந்த வரம்பைச் சுட்டினார்கள். செய்திகளில் அது பெரும்பாலும் தலைப்புக்குக் கீழே போய்விட்டது.

இதைத் தாண்ட ஒரு வழி, ஒரே மனிதரை அவரோடே ஒப்பிடுவது: இதயம் நின்ற நாளுக்கு முந்தைய வாரங்களில் மருந்து எடுத்தாரா, அதற்கும் முந்தைய காலத்தில் எடுத்தாரா? டென்மார்க்கின் இன்னொரு குழு மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 19,110 பேரை இப்படிப் பார்த்து 2013இல் வெளியிட்டது. ட்ரைசைக்ளிக்குகளில் ஆபத்து ஏறத்தாழ 1.7 மடங்கு, எஸ்எஸ்ஆர்ஐகளில் 1.2 மடங்கு. தனித்தனி மருந்தாகப் பிரித்தபோது ட்ரைசைக்ளிக்குகளில் நார்ட்ரிப்டிலினும், எஸ்எஸ்ஆர்ஐகளில் சிடலோப்ராமும் தனித்து நின்றன. இந்த முறையும் முழுக் கேடயம் ஆகாது. மனநிலை மோசமானபோதுதான் மருந்து தொடங்கப்படுகிறது, அதே வாரத்தில்தான் இதயமும் அதிகம் தடுமாறுகிறது. 2005இல் இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வும் இதையே சொன்னது: ட்ரைசைக்ளிக், எஸ்எஸ்ஆர்ஐ இரண்டிலும் ஒரேமாதிரி ஆபத்து தெரிவதால், அடியில் இருக்கும் மனச்சோர்வே காரணமாக இருக்கும். இருந்தாலும், ஒரு குடும்பத்துக்குள் ஒரு மருந்து மட்டும் தனித்துத் தெரியும்போது மருந்தையே சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது.

சிடலோப்ராம் விவகாரம்

2011 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சிடலோப்ராமை நாளொன்றுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்றது. காரணம் இசிஜியில் க்யூடி இடைவெளி: 20 மில்லிகிராமில் 8.5 மில்லி நொடியும், 40இல் 12.6உம், 60இல் 18.5உம் நீண்டது. இந்த இடைவெளி மிகவும் நீண்டால் உயிர்பறிக்கும் துடிப்புக் கோளாறு வரலாம். 2012 மார்ச்சில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், சிஒய்பி2சி19 என்ற கல்லீரல் நொதி பலவீனமானவர்களுக்கும் 20 மில்லிகிராமே உச்சம் என்றது. பிரிட்டனின் கட்டுப்பாட்டு அமைப்பு 65 வயதைத் தாண்டியவர்களுக்கு எஸ்சிடலோப்ராமையும் 10 மில்லிகிராமாகக் குறைத்தது.

எதிர்ப்பு வந்தது அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளிலிருந்து. 6,18,450 பேரின் பதிவுகளைப் பார்த்த காரா ஸிவின் குழு, 40 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களிடம் துடிப்புக் கோளாறு கூடவில்லை, சொல்லப்போனால் குறைவு என்றது. அதற்குப் பின் 2016இல் வெளியான இன்னோர் ஆய்வு, எச்சரிக்கைக்குப் பயந்து அளவைக் குறைத்த நோயாளிகளைப் பார்த்தது. துடிப்புக் கோளாறு குறையவில்லை. மனநோய்க்காகவும் பிற காரணங்களுக்காகவும் மருத்துவமனையில் சேர்வது கூடியது. எஃப்டிஏ தன் நிலையை மாற்றவில்லை. என் கணிப்பில் இரு தரப்பும் வெவ்வேறு நோயாளிகளைப் பற்றிப் பேசுகின்றன. நலமான இதயமும் இயல்பான பொட்டாசியமும் உள்ள நடுவயதினருக்கு எச்சரிக்கை மிகை. மாரடைப்பு வந்து நான்காம் நாள், சிறுநீர் பிரியும் மாத்திரையால் பொட்டாசியம் இறங்கி, க்யூடியை நீட்டும் இன்னொரு மருந்தும் எடுக்கும் அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு அது மிகையல்ல.

தமிழ் வாசகர்களுக்கு இந்த விவகாரத்தில் நேரடிப் பங்கு உண்டு. சிஒய்பி2சி19 நொதியைச் செயலிழக்கச் செய்யும் மரபணு வடிவம் ஐரோப்பியர்களைவிடத் தெற்காசியரிடம் அதிகம். புதுச்சேரி ஜிப்மரில் சி. ஆதித்தன் குழு தமிழர்களிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மரபணுப் பிரதிகள் இந்தச் செயலிழந்த வடிவமாகவே இருந்தன. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் இது சேர்ந்து வந்தவருக்கு எஸ்சிடலோப்ராம் உடலில் தேங்கும். நெஞ்செரிச்சலுக்குத் தரும் ஒமிப்ரசோல் அதே நொதியை இன்னும் அடக்கும். கூடவே நம் மருந்துக்கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் டாம்பெரிடோனும் அஸித்ரோமைசினும் தாமாகவே க்யூடியை நீட்டுபவை. ஐரோப்பிய உடல்களில் அளந்த உச்ச அளவு இங்கே அப்படியே பொருந்துமா என்பதை யாரும் போதுமான அளவு சோதிக்கவில்லை. மரபணுச் சோதனை எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. ஓர் இசிஜியும் ஒரு பொட்டாசியம் அளவும் கட்டுப்படியாகும்.

ஸ்டென்ட் வைத்தவரின் இரத்தம்

தட்டணுக் கருதுகோளின் மறுபக்கம் இரத்தக்கசிவு. இன்று மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் ஸ்டென்ட்டோடும், ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் என்ற இரண்டு மாத்திரைகளோடும் வீடு திரும்புகிறார். கியூபெக் மாகாணத்தில் மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பிய 27,058 பேரைப் பார்த்து 2011இல் வெளியான ஆய்வில், இந்த இரண்டோடு எஸ்எஸ்ஆர்ஐயும் சேர்ந்தபோது இரத்தக்கசிவு ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே போனது. வயிற்றுப்புண் உள்ளவர், முதியவர் என்றால் இதைப் புறக்கணிக்க முடியாது.

மருந்துகளுக்கிடையிலான மோதலும் உண்டு. குளோபிடோக்ரல் வேலை செய்ய அதே சிஒய்பி2சி19 நொதி வேண்டும். ஃபுளுவாக்சடின், ஃபுளுவாக்சமின் இரண்டும் அதைத் தடுக்கின்றன. பராக்சடினும் ஃபுளுவாக்சடினும், இதயநோயாளிகளுக்குத் தரும் மெட்டோப்ரலாலின் அளவை இரத்தத்தில் ஏற்றி நாடியை மந்தமாக்கலாம். வென்லாஃபாக்சின், டுலாக்சடின் போன்ற வேறு வகை மனச்சோர்வு மருந்துகள் இரத்த அழுத்தத்தைச் சற்று உயர்த்தும். மன அதிர்ச்சியில் இதயம் திடீரென பலூன்போல் உப்பும் டாகோட்சுபோ நோயோடு வென்லாஃபாக்சினைத் தொடர்புபடுத்தும் தனிநபர் அறிக்கைகளும் வந்துள்ளன. தனி அறிக்கைகளை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் தேர்வு இருக்கும்போது செர்ட்ராலினை முதலில் நாடும் வழக்கத்துக்கு இவையெல்லாம் சேர்ந்து நியாயம் சொல்கின்றன.

தீராதவை

தீர்ந்துவிட்டதென்று சொல்லத்தக்கவை சில. அண்மையில் மாரடைப்பு வந்தவருக்கு மனச்சோர்வு அளவில் ட்ரைசைக்ளிக் கொடுக்க இன்று நல்ல காரணம் அரிது. செர்ட்ராலின் ஆறு மாதக் காலத்துக்குப் பாதுகாப்பானது என்பதற்குச் சான்று திடமானது. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தமனி நோயோடு நடுத்தர அல்லது கடும் மனச்சோர்வு இருந்தால் எஸ்எஸ்ஆர்ஐயைப் பரிசீலிக்கச் சொல்கிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இம்மருந்துகளைப் பரிந்துரைக்கவில்லை. சோதனைகளின் போக்குக்கு இது பொருத்தமான நிலை.

தீராதவை அதிகம். மாத்திரை இதயத்தைக் காக்குமா என்பதற்குக் கொரிய முடிவு ஒன்றுதான் ஆம் என்கிறது; அதுவும் இறப்பைப் பொறுத்து அல்ல. பத்தாண்டுக்கு மேல் எடுப்பவரின் இதயம் என்னவாகும் என்பதற்குக் குலுக்கல் சோதனை எதுவும் இல்லை, வரப்போவதாகவும் தெரியவில்லை. எல்லா மாரடைப்பு நோயாளியிடமும் மனச்சோர்வைத் தேடவேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008இல் சொன்னது. அதைச் சோதித்து 2019இல் வெளியான 1,500 பேர் ஆய்வில், தேடியதால் நோயாளிகளின் வாழ்க்கைத்தரம் உயரவில்லை. தேடுவது எளிது, கண்டுபிடித்த பிறகு தொடர்ந்து கவனிப்பது கடினம் என்பதையே அந்த முடிவு காட்டுவதாக எனக்குப் படுகிறது. உயிர்காப்பைத் தீர்மானிக்கப் பல ஆயிரம் பேர் வேண்டும். செர்ட்ராலினின் காப்புரிமை அமெரிக்காவில் 2006இலேயே முடிந்துவிட்டதால் எந்த நிறுவனமும் அதற்குப் பணம் போடாது.

அரசும் பொது நிறுவனங்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் சிறு ஊர் மருத்துவமனைகளைப் பெரிய இதய மையங்களோடு இணைத்து, கடும் மாரடைப்பு வந்த 2,420 பேரை ஓராண்டு வரை பின்தொடர்ந்த திட்டத்தின் முடிவு 2017இல் வெளியானது. அத்தகைய வலையமைப்பை நம்மால் கட்ட முடியும் என்பதற்கு அதுவே சான்று. அடுத்துத் தொடங்கும் பதிவேட்டில் இரண்டு கட்டங்களைக் கூடுதலாகச் சேர்க்கட்டும்: மனச்சோர்வு அளவுகோலின் மதிப்பெண், எடுக்கும் மாத்திரையின் பெயரும் அளவும். அதுவரை, இம்மாத்திரைகளை எடுத்துவருபவர்கள் ஒரு செய்தித் தலைப்பைப் பார்த்து அவற்றைத் தாமாக நிறுத்தவேண்டாம். 'தூக்க மாத்திரை' என்று பொதுவாகச் சொல்லாமல், சீட்டை எடுத்துச் சென்று இதய மருத்துவரிடம் காட்டுங்கள்.